காட்டுக்குள் நெத்திலி

காட்டுநடைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் ரொக்கியா, முதல் மரத்தடியிலேயே எல்லோருடைய பெயரையும் பிடுங்கிக்கொள்வாள். "நீ இஞ்சி. நீ பூண்டு. சென்ட் மணக்குதே, நீ கருவாடு." காட்டைக் கடந்து கடற்கரை மணலை மிதிக்கும்வரை அதுதான் பெயர். காட்டில் ஒருவர் பெயரை உரக்கச் சொன்னால் கேட்கக்கூடாத ஏதோ ஒன்றின் காதில் விழுந்துவிடும். பிறகு அதுவே அந்தப் பெயரைச் சொல்லி அழைத்துப் போய்விடும். தெலுக் பஹாங் கிராமத்தில் இது குழந்தைக்கும் தெரியும்.

குள்ளமான, பருத்த உடம்பு. முக்காடு, பாத்திக் சட்டை, ரப்பர் தோட்டத்துக் கறுப்புக் காலணி. ஏற்றத்திலும் பேச்சை நிறுத்தமாட்டாள். குரங்கைக் கண்டால் பைகளை முன்பக்கம் மாட்டச் சொல்வாள். "அதுக்கு ஜிப் திறக்கத் தெரியும். என் வீட்டுக்காரருக்குத்தான் தெரியாது."

வீட்டுக்காரர் பகாரோம், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். "சும்மா நடக்கிறது ஒரு வேலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவர் ஒரு சனிக்கிழமை தானும் கிளம்பினார். அவருடைய ஒல்லி உடம்பைப் பார்த்து ரொக்கியா வைத்த பெயர் நெத்திலி. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஓடையைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால் அவரைக் காணோம். வானம் கறுத்திருந்தது. மழை பிடித்தால் ஓடை பெருகிவிடும். அக்கரையில் இருப்பவர் அக்கரையில்தான்.

"நெத்திலி!"

மறுபடியும் கூப்பிட்டாள். சில்வண்டுகள்தான் கத்தின.

"நெசப் பேரச் சொல்லிக் கூப்பிடுங்கக்கா," என்ற இஞ்சி, தானே கத்துவதற்கு வாயைத் திறந்தான். ரொக்கியா அந்த வாயைப் பொத்தினாள். அவன் அந்தக் கையை விலக்கினான்.

"அவருக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"

"பேரு போச்சுன்னா ஆளும் போயிடும். சும்மா இரு."

முதல் துளி விழுந்தது. அவள் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"சுறா! ஏய், சுறாஆஆ!"

"இங்கதான் இருக்கேன்!" மூங்கில் புதருக்குப் பின்னாலிருந்து உடனே குரல் வந்தது. பின்னாலேயே அவரும் வந்தார். "முள்ளு சட்டையப் புடிச்சிருச்சு."

"சட்டையத்தானே புடிச்சுது? வாயையுமா?"

மணலில் கால் வைத்ததும் ஒவ்வொருவர் தோளிலும் தட்டிப் பெயரைத் திருப்பிக் கொடுத்தாள். "இஸ்வான். மெய் லிங். சுரைனி."

கடைசியாக பகாரோம் நெஞ்சை நிமிர்த்தி வந்து நின்றார். "எனக்கு இதே பேரு இருக்கட்டும்."

ரொக்கியா குனிந்து, அவர் கணுக்காலில் கொழுத்துத் தொங்கிய அட்டையைப் பிடுங்கி, அவர் கண்ணெதிரே ஒரு கணம் ஆட்டிக் காட்டிவிட்டு எறிந்தாள். பிறகு மழையிலேயே மண்டியிட்டு, ரத்தம் நிற்கும்வரை அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.