துப்பும் வாளி

கதை விடுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் நஷ்டமில்லை. நடந்தது எனக்கு. கொப்பளித்துக் கொப்பளித்து உள்கன்னம் புண்ணாகிக் கிடப்பதும் எனக்குத்தான்.

என் வேலை விஸ்கி ருசிப்பது. பெரிய மதுக்கடை ஒன்றுக்கு எந்தப் பாட்டிலை வரவழைக்கலாம் என்று நாக்கால் சொல்ல வேண்டும். கேட்பவர்களுக்குப் பொறாமையாக இருக்கும். அவர்களுக்கு வாளியைப் பற்றித் தெரியாது. ருசிப்பவன் குடிக்க மாட்டான். குடித்தால் மூன்றாவது கிளாஸிலேயே நாக்கு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு, மேசைக்குப் பக்கத்தில் தரையில் இருக்கும் எவர்சில்வர் வாளியில் துப்ப வேண்டும். சாயங்காலம் ஆனால் அதில் விஸ்கியும் எச்சிலும் நுரையும் சேர்ந்து சளி மாதிரி ஆடும். தூக்கும்போது நூலாகத் தொங்கும்.

நான்கு மாதத்துக்கு முன்பு என் மனைவி இறந்தாள். சிறுநீரகம். கடைசி வாரம் தண்ணீரே கொடுக்கக் கூடாது என்றுவிட்டார்கள். ஈரத்துணியால் உதட்டைத் தொட்டு எடுக்கலாம், அவ்வளவுதான். உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. அவள் போனதோடு என் நாக்கும் போய்விட்டது. எது வாயில் பட்டாலும் வெந்நீர்.

முதலாளி பொறுத்துப் பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்காட்லாந்துத் தீவுகளிலிருந்து வந்த ஆறு சிங்கிள் மால்ட் விஸ்கி சாம்பிளை என் முன்னால் வைத்தார். நாளைக் காலைக்குள் சிறந்த இரண்டைச் சொல், முடியாவிட்டால் கிடங்குக்கு மாறிக்கொள் என்றார். அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கிடங்கில் பெட்டி அடுக்க நாக்கு தேவையில்லை. இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை.

அன்று மதியம் என்னோடு உட்கார்ந்தவர் மூக்கன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவருடைய மூக்கை நம்பித்தான் கடை நடக்கிறது, அதனால் அந்தப் பெயர். ஆறையும் ஒரு சுற்று முடித்தோம். ஆறாவதில் என்ன தெரிகிறது என்று கேட்டார். சூடு என்றேன்.

"அது வெந்நீர்ப் பானைக்கும் தெரியும்டா."

சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஐந்து மணி வாக்கில் தன் தேர்வை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டுக் கிளம்பினார். போகும்போது, போன தடவை வாளியைக் கொட்டியது தான்தான் என்றும் இந்த முறை என் பங்கு என்றும் ஞாபகப்படுத்தினார். அது பொய். போன தடவையும் நான்தான் கொட்டினேன்.

வெளியே மழை. மாடியில் ருசி பார்க்கும் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். வாசனை கெடும் என்று அதைத் திறப்பதே இல்லை. தனியாக, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. வெந்நீர். எழுந்துபோய்க் கீழே ஷட்டரை இறக்கிவிட்டு வந்தேன்.

போகும்போது வாளியில் முக்கால் இருந்தது. வந்து பார்த்தால் பாதி.

ஓட்டையோ என்று தூக்கிப் பார்த்தேன். தரை காய்ந்திருந்தது. வாளியின் உள்பக்கம் முழுக்க நுரை அப்பியிருந்தது. அதன் நடுவே மேலிருந்து கீழாகச் சுத்தமாக ஒரு கோடு. இரண்டு விரல் அகலம்.

நக்கிய தடம்.

பூனையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடையில் பூனை கிடையாது.

மூன்றாவது கிளாஸின் மூடியை எடுத்தேன். ஜாடியிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். அப்படி விட்டால் வாசனை விரியும். விரிந்தது. நான்கு மாதத்தில் முதல் தடவை. முதலில் புகை. அந்தத் தீவுகளில் சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து, அதை எரித்த புகையில்தான் முளைவிட்ட பார்லியை உலர்த்துகிறார்கள். புகைக்குப் பின்னால் கடற்பாசி. அதற்கும் பின்னால் அயோடின். பழைய புண்ணின் கட்டை அவிழ்க்கும்போது வருமே, அந்த வாடை. தேடிப்போய் அதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. ஆனாலும் கண்ணில் நீர் வந்துவிட்டது. நாக்கு திரும்பிவிட்டது.

துப்பினேன்.

சளப்.

அது நான் துப்பிய சத்தம் இல்லை. அதற்குப் பிறகு வந்தது.

குனிந்து பார்க்கவில்லை. நான்காவது. உப்பு, தார் பூசிய கயிறு, கடைசியில் கொஞ்சம் தேன். வாளி குறையக் குறைய என் நாக்கு கூர்மையானது. அது புரிந்த பிறகும் துப்பினேன். அருவருப்பாகத்தான் இருந்தது. நிறுத்தவில்லை.

சளப்... சளப்...

நடுவில் மூச்சு வாங்க ஒரு நிறுத்தம். மூன்று வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு.

தண்ணீர் ஜாடியை எடுத்துத் தரையில் வைத்தேன்.

"நல்ல தண்ணி இருக்கு. இதைக் குடி."

ஜாடி நகர்ந்தது... என் பக்கமாக. கால் விரலில் இடித்து நின்றது. ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

ஐந்தாவதைத் துப்பினேன். வாளியின் அடியைப் பல் சுரண்டும் சத்தம்.

ஆறாவது. வாயில் வைத்துக்கொண்டேன். இதைத் துப்பக் கூடாது. விழுங்கிவிட வேண்டும்...

சத்தம் நின்றது.

உதட்டில் ஏதோ பட்டது. சில்லென்று. சொரசொரவென்று.

உறிஞ்சியது.

விஸ்கி போனது. எச்சில் போனது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. எதிரே யாரும் இல்லை.

என் கீழுதட்டில் ஒரு தோல் துணுக்கு. பிய்த்தேன். வலிக்கவில்லை.

என்னுடையது இல்லை.

காலையில் மூன்றாவதையும் ஐந்தாவதையும் சொன்னேன். முதலாளி உறையைப் பிரித்தார். மூக்கன் எழுதியிருந்ததும் அதே இரண்டு. என் நாக்கு லீவு முடிந்து வந்துவிட்டதா என்று கேட்டு மூக்கன் என் முதுகில் தட்டினார். வாளியை இவ்வளவு பளபளப்பாக இதுவரை யாரும் கழுவியதில்லை என்றும் சொன்னார். நான் கழுவவே இல்லை.

மதியம் என் மனைவியின் தங்கை போன் செய்தாள். கைக்குழந்தைக்காரி. என் துக்கத்தில் இதையும் சேர்க்க வேண்டாம் என்று இத்தனை நாள் மறைத்து வைத்திருந்ததாகச் சொன்னாள். அக்கா போனதிலிருந்து குழந்தை தினமும் வாய் வறண்டுதான் எழுந்திருக்கிறதாம். ஜொள்ளு என்பதே கிடையாதாம். நாக்கு அட்டை மாதிரி இருக்குமாம். எந்த டாக்டருக்கும் காரணம் தெரியவில்லை.

"நேத்து ராத்திரி ஒண்ணும் ஆகல மாமா. தலகாணியே நனைஞ்சு கிடக்கு. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

நல்லது என்றேன்.

அன்று சாம்பிள் எதுவும் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை விழித்தபோது என் வாய் ஈரமாக இருந்தது. ராத்திரி அவள் என்னிடம் வரவில்லை.

போன் அடித்தது. மச்சினி. அடித்து ஓய்ந்தது.

மறுபடி அடித்தது.