அந்தியேட்டி நாளில் சிரித்தது

எழுபதுகளின் நடுவில் அப்பா இறந்த செய்தி தந்தியாக வந்தபோது எனக்கு ஏழாம் மாதம். விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்தில் அண்ணன்மார் கொள்ளி வைத்தார்கள். நான் மெல்பர்னில் குசினியில், அடுப்படி யன்னலோரம் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஏனோ அழுகை வரவில்லை. அதுவே ஒரு குற்றம்போல நெஞ்சில் கிடந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, துக்கம் கழிக்கிற கிரியை. ஞாயிற்றுக்கிழமை. விடியவே அண்ணன்மார் கீரிமலைக்குப் போய், கடலில் முழுகிக் கிரியைகளைச் செய்வார்கள்.

“வீட்டுக்குள்ள இருந்து யோசியாமல் வாரும், கொஞ்சம் நடந்திட்டு வருவம். டொக்டரும் நடக்கச் சொன்னவரெல்லே,” என்றார் கணவர்.

“இண்டைக்கோ?”

“ஓம், இண்டைக்குத்தான்.”

எங்கள் தெருவின் முடிவில் ஓர் ஓடை. அதையொட்டி மேடு பள்ளமில்லாத மண்பாதை. ஏப்ரல் மாதம், ஊரில் வெயில் கொளுத்தும் நேரம் இங்கே இலைகள் உதிரும். வில்லோ மரங்கள் மஞ்சளாகித் தண்ணீருக்குள் குனிந்து நின்றன. யூகலிப்டஸ் பட்டைகள் காலடியில் நொறுங்கின. மூச்சு லேசானது. நடப்பது நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று பயந்து நடையைத் தளர்த்தினேன்.

அப்போது ஓடைக்குள்ளிருந்து ஒரு பெரிய நாய் ஏறி வந்தது. வாயில் தடி. அதைக் கணவரின் காலடியில் போட்டுவிட்டு, உடம்பைச் சிலிர்த்து, சேற்றுத் தண்ணீர் முழுவதையும் அவர்மேல் உதறியது. நாயென்றால் நடுங்குகிற மனிதர். பாதையோரம், ஆட்கள் இருக்கப் போட்டிருந்த மரவாங்கில் ஏறி நின்று, “தம்பி, போம்! அங்கால போம்!” என்று கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். நாய் வாலை ஆட்டியது.

நான் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மரத்தில் சாய்ந்து, சத்தமாகச் சிரித்தேன். நாயின் சொந்தக்காரி ஓடிவந்து மன்னிப்புக் கேட்டபோதும் நிறுத்த முடியவில்லை.

பிறகுதான் உறைத்தது. ஊரில் இப்போதுதான் விடிகிறது. ஈர வேட்டியோடு அண்ணன்மார் கடலுக்குள் நிற்கிறார்கள். அப்பாவின் ஒரே மகள் ஓடைக்கரையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

“வாங்கோ, வீட்ட போவம்.”

“என்னப்பா, இப்பதானே வந்தனாங்கள்?”

நான் திரும்பி நடந்தேன். சேறு படிந்த கோட்டோடு அவர் பின்னால் வந்தார்.

பின்னேரம், எக்ஸ்சேஞ்சில் முன்பே பதிந்து வைத்திருந்த தொலைபேசி அழைப்புக் கிடைத்தது. அம்மாவின் குரல் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட்டாயிற்றாம்.

“நீ என்ன பிள்ளை செய்தனி இண்டைக்கு?”

வீட்டில் இருந்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“அம்மா, நான் இண்டைக்குச் சிரிச்சுப்போட்டன்.”

“என்னத்துக்கு?” என்று இரைச்சலுக்கு மேலால் கேட்டார் அம்மா.

நாயையும் மருமகனையும் பற்றிச் சொன்னேன். “தம்பி, போம்” என்று அவர் கெஞ்சியதைச் சொன்னபோது அம்மாவிடமிருந்து ஒரு சத்தம். சிரிப்புத்தான். அம்மா அடக்கப் பார்த்தும் வந்துவிட்ட சிரிப்பு. “என்னம்மா, சனம் நிக்குது!” என்று பின்னாலிருந்து பெரியண்ணன் அதட்டுவதும் கேட்டது. அத்தோடு தொடர்பு அறுந்தது.

ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். துக்கத்துக்கு வந்திருந்த சனத்தின் முன்னால் அம்மாவைத் தலைகுனிய வைத்துவிட்டேன். அந்த நினைப்போடுதான், முதல் தடவையாக, அப்பாவுக்காக அழுதேன்.