பிள்ளை வராத சோறு கொடுப்பு

ஒரு கடிதம் வரவேண்டியிருந்தது. அயர்லாந்தில் இருந்து டெல்லிக்கு வரவேண்டிய ஒரே ஒரு கடிதம். இந்தத் தம்பதி இந்தக் குழந்தையை எங்கள் நாட்டுக்குக் கூட்டிவரலாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று அங்கே யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால், மற்ற கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் என்றார்கள். அந்தக் கையெழுத்துக்காகத்தான் தக்கலைக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஒற்றைக்கு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அயர்லாந்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலை. கணவருக்கு அங்கேயே ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை. கல்யாணமான நாளில் இருந்து பிள்ளைக்காக வயிற்றில் ஊசி குத்திக் குத்தி, ஒருநாள் இனி குத்தமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்தவர்களுக்குக் குத்தினால் மட்டும் போதும் என்று தோன்றிவிட்டது. தத்தெடுக்க எழுதிப்போட்டோம். ஒடிசாவில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருந்து ஒரு பெண்பிள்ளையின் படம் வந்தது. மூன்று வயது நிறையாத பிள்ளை. படம் எடுத்தவரை முறைத்துக்கொண்டு நின்றாள். எங்கள் குடும்பத்தில் சேர அந்தத் தகுதி போதும் என்று கணவர் சிரித்தார். நேரில் போய்ப் பார்த்தோம். அப்போதும் முறைத்தாள். நாங்கள் திரும்பும்போது என் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு, ஆயா வந்து விரல்களைப் பிரிக்கும்வரை விடவில்லை.

அதன்பிறகு என்னால் அயர்லாந்துக்குப் போகமுடியவில்லை. மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று போனில் ஒருவர் சொன்னார். கணவர் லீவு முடிந்து போனார். நான் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு இங்கே தங்கினேன். ஒடிசா இங்கிருந்தும் தொலைவுதான். ஆனாலும் ரயில் ஏறினால் போய்விடலாம் என்பதில் ஒரு சமாதானம்.

காகிதங்களுக்கும் ஆயுசு உண்டு என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். போலீஸ் சான்றிதழ் வந்துசேரும்போது மருத்துவச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். அதைப் புதுப்பித்தால் இது செத்துப்போகும். போதாததற்கு, பள்ளிச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் வீட்டுப்பெயர் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. வெளிநாட்டுக்காரருக்கு நான் இரண்டு பெண்கள். தக்கலையில் ஒரு நோட்டரி முன்னால் நின்று, நான்தான் நான் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா தினமும் காலையில் மதில்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்பாள். "என்ன மக்கா, பிள்ளை எப்பம் வருகு? கடிதம் வந்துதா?"

"இல்லக்கா."

"வரும், வரும். நீ பிள்ளைக்குச் சோறு குடுக்க நாள் குறி. நாள் குறிச்சா காரியம் தானா நடக்கும்."

சோறு கொடுப்பு என்றால் எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் கோவில் நடையில் வைத்து முதன்முதலாகச் சோறூட்டுவது. ஆறாம் மாதத்தில் செய்வது வழக்கம். என் பிள்ளை அதெல்லாம் தாண்டி வருஷக்கணக்காகச் சோறு தின்றுகொண்டிருக்கிறாள் என்று சொன்னேன். அக்கா விடவில்லை. "அங்க எவ குடுத்தாளோ, எப்பம் குடுத்தாளோ. நம்ம சாமி நடையில வச்சு நீ குடுக்கணும். சோறு குடுத்தவகிட்டதான் பிள்ளை ஒட்டும், பாத்துக்கோ."

படித்தவள்தான் நான். இருந்தும் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அக்கா பஞ்சாங்கம் பார்த்து, ஆவணியில் ஓணத்துக்கு முந்தின ஒரு சனிக்கிழமையைச் சொன்னாள். போனில் சொன்ன மூன்று மாதம் அதற்குள் முடிந்துவிடும். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவிலில் சோறு கொடுப்புக்கு நாள் எழுதிக்கொடுத்தேன். சமையல்காரரிடம் சொன்னேன். அவியலும் இரண்டு பாயசமும் என்று முடிவாயிற்று. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் செய்தேன். காகிதத்தில் ஒரு கையெழுத்துகூட விழாத நேரத்தில் நான் பந்திக்கு இலை கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடி முடிந்தது. கடிதம் வரவில்லை. ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் மறுபடி போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லவேண்டியிருந்தது. எல்லாரும் ஒரே மாதிரி, "ஐயோ, பிள்ளை வரல்லியா?" என்று கேட்டார்கள். பிள்ளை செத்துப்போனதுபோல என்னிடம் மெதுவாகப் பேசினார்கள். ஒரு சித்தி, "வெளிய இருந்து எடுக்குத பிள்ளையாக்கும், யோசிச்சுக்கோ மக்களே" என்றாள். போனை வைத்தேன். பிறகு அவளுக்குச் சொல்லவேண்டிய பதில்களை அடுக்களையில் நின்று பாத்திரங்களிடம் சொன்னேன்.

தனிமை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. தக்கலையில் அவள் அளவுக்கு ஒரு மஞ்சள் உடுப்பு வாங்கி, கட்டிலில் விரித்துவைத்திருந்தேன். சனிக்கிழமை தோறும் மத்தியானம் இல்லத்தில் இருந்து அவளை வீடியோவில் காட்டுவார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் கொஞ்சம் வளர்ந்திருந்தாள். கட்டிலில் கிடந்த உடுப்பு அப்படியே இருந்தது. இனி அவளுக்கு அது சேராது என்று தெரிந்த அன்றைக்கு மடித்து அலமாரியில் வைத்துவிட்டு அழுதேன்.

சாமியிடமும் கோபம் இருந்தது. திருவட்டாற்றில் பெருமாள் படுத்துக் கிடக்கிறார். ஒரு வாசலில் முகம், ஒரு வாசலில் உடம்பு, ஒரு வாசலில் பாதம் தெரியும். நீரும் கிடக்கிறீர், என் பைலும் கிடக்கிறது, இரண்டு பேரில் யாராவது ஒருவர் எழுந்திருக்கக் கூடாதா என்று மூன்று வாசலிலும் நின்று கேட்டிருக்கிறேன். நம்புகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நம்பவில்லை என்று சொல்லப் பயமாக இருந்தது. பிள்ளை அங்கே இருக்கும்போது யாரையும் பகைத்துக்கொள்ள முடியாது.

குறித்த சனிக்கிழமை வந்தது. மனுஷர்களிடம் வேண்டாம் என்று சொன்னதுபோல் சாமியிடம் சொல்ல மனம் வரவில்லை. அக்காவிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறித் திருவட்டாறு போனேன்.

சீட்டு எழுதுகிறவர், "பிள்ளைக்க பேரு, நாளு?" என்றார். நாள் என்றால் பிறந்த நட்சத்திரம். அவளுக்கு அது யாருக்கும் தெரியாது. பல்லைப் பார்த்து டாக்டர் போட்ட பிறந்த தேதிதான் இருக்கிறது. என் நட்சத்திரத்தைச் சொன்னேன். இருப்பதைத்தானே கொடுக்கமுடியும்.

மண்டபத்தில் எனக்கு முன்னால் ஒரு குடும்பம். சட்டை போடாத அப்பாவின் மடியில் ஒரு கைக்குழந்தை. பாயசத்தை நாக்கில் வைத்ததும் அது துப்பியது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அந்தத் தாய் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம், "உங்க பிள்ளைக்கு எத்தன மாசம்?" என்றாள்.

"மூணு வயசு ஆகப்போகு."

அவள் என் மடியைப் பார்த்தாள். பக்கத்தில் பார்த்தாள். பிறகு பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு தள்ளி நின்றாள்.

பூஜை செய்யும் போற்றி வந்தார். "பிள்ளை எங்க?"

"வரல்ல, சாமி. வெளிநாட்டுல இருந்து ஒரு கடிதம் வரணும்."

அவருக்கு என்ன புரிந்ததோ, தெரியாது. "செரி, பேரச் சொல்லிப் பூஜை செய்து தாறேன். பிள்ளை வந்த பொறவு ஒருக்கா கொண்டு வாருங்கோ" என்று சோறும் பாயசமும் வைத்த வாழையிலைக் கீற்றைத் தந்தார். பிள்ளை இல்லாத ஒருத்தி கையில் அந்த இலையோடு படியிறங்குவதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. மத்தியானம் ஆகிவிட்டிருந்தது. ஆயா என்னிடம் இந்தியில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, பிள்ளையிடம் ஒடியாவில், "அம்மா பாரு, அம்மா" என்று போனை அவள் முன்னால் பிடித்தாள். டெல்லியில் கொஞ்சகாலம் வேலை பார்த்ததால் எனக்கு இந்தி வரும். பிள்ளைக்கு ஒடியா மட்டும்தான். நாங்கள் பேசிக்கொள்ள எங்களுக்கு ஒரு பாஷையும் கிடையாது.

தரையில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். சோறும் பருப்பும். எனக்கு என்ன தோன்றிற்றோ, இலையில் இருந்து ஒரு சின்ன உருண்டை உருட்டி, போனுக்கு நேராக நீட்டி, "ஆ" என்றேன்.

அவள் நன்றாக வாயைத் திறந்தாள். காத்திருந்தாள். ஒன்றும் வராததால் வாயை மூடிக்கொண்டு என்னை முறைத்தாள். பிள்ளையை ஏமாற்றிவிட்டேன். நீட்டிய கையை எங்கே கொண்டுபோவதென்று தெரியவில்லை.

அவள் தன் தட்டில் கையை விட்டு, பிடி சோறு அள்ளி, போனில் தெரிந்த என் வாயில் நேராக அப்பினாள். படம் முழுக்கப் பருப்பு. ஆயா திட்டுவதும் சிரிப்பதும் கேட்டது. துடைத்தபிறகு ஓரத்தில் அவள் முகம் தெரிந்தது. நான் தின்றேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீக்கடையில் இருந்தவர்கள் பார்க்க, நான் வாயைத் திறந்து என் கையில் இருந்த உருண்டையைப் போட்டுக்கொண்டு மென்றேன். விழுங்கினேன். வாயைத் திறந்து காட்டினேன். அவள் திருப்தியாகிக் குனிந்து தன் சோற்றைத் தின்னத் தொடங்கினாள். முறைப்பு இல்லை. அதற்குள் அழைப்பு அறுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது மருத்துவச் சான்றிதழைத் திரும்பவும் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்திருந்தது. மறுநாள் காலையில் அக்கா மதிலுக்கு வந்து வழக்கம்போலக் கேட்டாள். கடிதம் வரவில்லை என்றேன். கோவிலுக்குப் போனதைச் சொல்லவில்லை. இதை எழுதும் இன்றுவரைக்கும் கடிதம் வரவில்லை.

சோறு கொடுத்தவளிடம்தான் பிள்ளை ஒட்டும் என்று அக்கா சொன்னதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அன்றைக்குச் சோறு கொடுத்தது அவள். ஒட்டிக்கொண்டது நான்.