இருநூற்று ஏழாவது பம்பு

இரும்புக்கை என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். சொந்தப் பெயர் அலுவலக வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் கூட்டத்தில் குழாய் சுமக்கப் போனவர். சுமந்தவர் பூட்டக் கற்றார். பூட்டியவர் பழுது பார்க்கக் கற்றார். கடைசியில் ஒரு குடிநீர்த் திட்ட அலுவலகத்தில், போட்டு முடித்த கைபம்புகளைச் சோதித்துச் 'சரி' சொல்லும் மேற்பார்வையாளர் ஆனார். யாரும் கைதூக்கி விடவில்லை. சிபாரிசு என்று ஒரு துண்டுச் சீட்டுக் கிடையாது. அந்தக் கைதான் சிபாரிசு. குலுக்கியவர்கள் தங்கள் விரல் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஜீப்பிலிருந்து இறங்குவார். வாளியைப் பம்பின் வாய்க்குக் கீழே வைப்பார். சட்டைக் கையை மடித்து விட்டு நாற்பது அடி அடிப்பார். ஒரு நிமிடத்துக்குள் வாளி நிரம்ப வேண்டும். நிரம்பினால், படிவத்தில் "தண்ணீர் வருகிறதா?" என்ற கேள்விக்குப் பக்கத்துக் கட்டத்தில் ஒரு டிக். பதினோரு வருடத்தில் முன்னூற்றுப் பன்னிரண்டு டிக். பட்டம் வாங்கிய பொறியாளர்கள் போட்ட பம்புகளில்கூடக் குற்றம் கண்டுபிடித்துத் திருப்பிப் போட வைத்தவர் அவர். அவர் டிக் போட்டது எதுவும் திரும்பி வந்ததில்லை.

அந்த முன்னூற்றுப் பன்னிரண்டில் ஒன்றை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், மிச்சம் எல்லாவற்றையும் இன்றைக்குக் கொடுத்துவிடுவார். அது இருநூற்று ஏழாவது பம்பு. மேட்டுத் தெருவில் அவருடைய அக்கா வீட்டுக்கு எதிரே இருக்கிறது.

அக்கா அவருக்கு ஐந்து வயது மூத்தவள். அவர் குழாய் சுமந்த காலத்தில் தோளில் தோல் உரிந்து வந்தால், மஞ்சள் அரைத்துப் பூசி, "நாளைக்கு இந்தத் தோள் வேண்டாம், அந்தத் தோள்ல வை" என்று அனுப்பியவள். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு மேட்டுத் தெருவில் மூன்றாவது வீட்டில் தனியாக இருந்தாள். அந்தத் தெருவுக்குத் தண்ணீர் என்றால் கீழே பள்ளத்தில் இருக்கும் படிக்கிணறுதான். போகும்போது இறக்கம், குடத்தோடு வரும்போது ஏற்றம். அந்தத் தெருவுக்கு ஒரு பம்பு வாங்கித் தர அவர் அலுவலகத்தில் எத்தனை பேரிடம் சண்டை போட்டார் என்பது ஜீப் ஓட்டும் டிரைவருக்குத் தெரியும்.

மேடு என்பதால் ஆழம் அதிகம். எழுபது மீட்டர் இறங்கித்தான் தண்ணீரைப் பிடித்தார்கள். அன்றைக்கு அவர் அடித்தார். முப்பத்தெட்டாவது அடியில் வாளி வழிந்தது. டிக் போட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தம்பி, கைப்பிடி ரொம்பக் கனமா இருக்குடா. கொஞ்சம் பாரேன்."

தெருப் பெண்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இவர் போய் இடது கையால், ஒரே கையால், பத்து அடி அடித்தார். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது.

"தண்ணி வருதேக்கா! தண்ணிக்கு வருது, உனக்குத்தான் வரல!"

டிரைவர் கையைத் தட்டிச் சிரித்தார். பெண்களும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள் என்றுதான் அவர் நினைவு. அந்த நகைச்சுவையை அவர் அதற்குப் பிறகு பத்து ஊரில் சொல்லியிருப்பார். எங்கே யார் "பம்பு கனமா இருக்குங்க" என்று வாயெடுத்தாலும் அதே பதில்தான். எல்லா இடத்திலும் சிரிப்பு வந்தது. புகார் நின்றுபோனது. பம்பு பழகிவிட்டது போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் அக்கா வீட்டில் படிக்கிணற்றுத் தண்ணீர்தான் இருந்தது. கேட்டால், "அந்தத் தண்ணிதான்டா எனக்கு ருசி" என்பாள்.

நான்கு வருடம் போனது. ஒரு மழைக்காலக் காலையில் படிக்கிணற்றின் பாசிப் படியில் குடத்தோடு வழுக்கினாள். இடுப்பெலும்பு உடைந்தது. மருத்துவமனையில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் பொரிந்து தள்ளினார். "வாசல்ல பம்பை வெச்சுக்கிட்டு யாராவது பள்ளத்துல போய் விழுவாங்களா? உனக்குப் புத்தி எங்க போச்சு?"

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, "பழக்கதோஷம்டா, விடு" என்றாள்.

விட்டார். அது அவளுடைய தப்பு என்று மனதுக்குள் பதிவு செய்துகொண்டு, விட்டுவிட்டார். அன்றிலிருந்து அக்கா நான்கு கால் உள்ள அலுமினியச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்து ஊற்றுகிறாள்.

இது இப்படி இருக்க, அவள் விழுந்து இரண்டு வருடம் கழித்து, இந்த வருடம் அலுவலகத்தில் மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். திட்டங்களைக் கண்காணிப்பது எப்படி, மதிப்பிடுவது எப்படி என்று சொல்லித் தர ஓர் அம்மாள் வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். இவர் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். 'எனக்கா பாடம்?' என்று அந்தக் கை கேட்டது.

பயிற்சிக்கார அம்மாள் பலகையில் மூன்று கட்டம் போட்டார். 'கொடுத்தது', 'பயன்பட்டது', 'மாறியது' என்று எழுதினார். பிறகு ஒவ்வொருவரும் எப்படிச் சோதிக்கிறோம் என்று சொல்லச் சொன்னார். இவர் முறை வந்தது.

"முன்னூத்திப் பன்னெண்டு பம்பு. ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. வேணும்னா ஃபைலை எடுத்துப் பாருங்க."

"நல்ல விஷயம்ங்க. பம்பு திரும்பி வரல. ஜனங்க பம்புக்குத் திரும்பி வந்தாங்களா?"

"அதை எப்படிங்கம்மா டிக் போடறது?"

அறை முழுக்கச் சிரிப்பு. அந்த அம்மாளும் சிரித்துவிட்டு, "யார் அடிச்சுப் பார்க்கறீங்க?" என்று கேட்டார்.

"நான்தான். வேற யாரு?"

"உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க."

காட்டினார். தன் கையை அதன் பக்கத்தில் நீட்டிக் காட்டினார் அந்த அம்மாள். தட்டுக்குப் பக்கத்தில் கரண்டி மாதிரி இருந்தது. டிரைவர், "அண்ணே, அது கை இல்ல, ஜாக்கின்னு சொல்லுங்க" என்றார்.

மூன்றாம் நாள் நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவானது. எந்த இடம் என்று கேட்டதும் முந்திக்கொண்டு கையைத் தூக்கியவர் இவர்தான். "மேட்டுத் தெரு வாங்க. எழுபது மீட்டர் ஆழத்துல தண்ணி எடுத்துக் கொடுத்திருக்கேன்." வேறு எந்தத் தெருவையாவது சொல்லியிருந்தால், இன்னும் கொஞ்ச காலம் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

காலை ஆறு மணிக்குப் போனார்கள். அந்த அம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். யாரும் பம்பைத் தொடக்கூடாது. உட்கார்ந்து எண்ண வேண்டும், அவ்வளவுதான். இரும்புக்கைக்கு அது பெரிய தண்டனை. பம்பைப் பார்த்தாலே தோள் துடிக்கும்.

எட்டு மணி வரை எண்ணினார். குடத்தோடு பம்பைத் தாண்டிப் பள்ளத்துக்கு இறங்கியவர்கள் பத்தொன்பது பேர். பம்புக்கு வந்தவர்கள் ஆறு பேர், அதில் நான்கு பேர் வாலிபர்கள், குளிக்க வந்தவர்கள். மிச்சம் இரண்டு பேர் ஓர் அம்மாவும் மகளும். மகள் கைப்பிடியில் தொங்கினாள், அம்மா வயிற்றால் அமுக்கினாள். அரைக் குடத்தில் போதும் என்று போய்விட்டார்கள். படிவத்தின் கேள்வியைக் கேட்டால் இப்போதும் பதில் அதேதான். தண்ணீர் வருகிறது.

பள்ளத்திலிருந்து ஏறி வந்த பக்கத்து வீட்டுக்காரியை அவரே மறித்தார். "ஏம்மா, இவ்வளவு நல்ல பம்பு இருக்க, எதுக்குக் கீழ போறீங்க?"

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பல்லைக் காட்டினாள். "பம்பு நல்லாத்தான் இருக்குங்க. ஐயா போட்டதாச்சே!"

பயிற்சிக்கார அம்மாள் அவரைத் தனியே கூப்பிட்டார். "நீங்க கேக்கறது திட்டற மாதிரி இருக்கு. கொஞ்ச நேரம் ஜீப்புக்குப் பின்னால நில்லுங்க. நான் கேக்கறேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒளிந்து நின்று ஒட்டுக் கேட்டார்.

"கடைசியா இந்தப் பம்புல எப்ப தண்ணி எடுத்தீங்க?"

"அந்தாளு போயிட்டாரா?"

"போயிட்டாரும்மா, சொல்லுங்க."

"அதுல நாங்க எங்கம்மா எடுக்கறது? ஆம்பளைங்க அடிச்சா தண்ணி வரும். நாங்க அடிச்சா மூச்சுதான் வரும்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"மூணாவது வீட்டு அக்கா ஒரு தடவை சொன்னாங்க. எல்லாரையும் வெச்சுக்கிட்டுக் கேலி பண்ணிட்டாரு. கூடப் பொறந்தவளுக்கே அந்த மரியாதைன்னா, எங்க பேச்சு எடுபடுமா? அப்புறம் யாரும் வாயைத் தொறக்கல. பாவம், அந்தக்காதான் விழுந்து கிடக்கு."

ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கைக்கு அன்றைக்குப் பிடிமானம் தேவைப்பட்டது.

அக்கா வீட்டுக்குள் போனார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சட்டம் பக்கத்தில் நின்றது. மூலையில் பக்கத்து வீட்டுக்காரி ஊற்றிய தண்ணீர்ப் பானை.

"வாடா. ஆபீஸ்காரங்க எல்லாம் வந்திருக்காங்க போலிருக்கு. டீ போடச் சொல்லட்டுமா?"

"அக்கா, படிக்கிணத்துத் தண்ணி நிஜமாவே ருசியா?"

அக்கா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். விஷயம் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது.

"உப்புத் தண்ணிடா அது. பருப்பே வேகாது."

"பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னேனே. ஒரு தடவை."

"இன்னொரு தடவை சொல்லக்கூடாதா?"

"எங்க தம்பி போட்ட பம்புன்னு தெரு பூரா பீத்திக்கிட்டது நான். நானே போய் அது சரியில்லன்னா, உன் பேரு என்னாகும்? அதுவும் நீ அப்படிச் சொன்னப்புறம்…" கீரைத் தண்டை ஒடித்தாள். "விடுடா. கால் போகணும்னு இருந்திருக்கு."

"கால் போகணும்னு இல்லக்கா. நான் கேட்டிருக்கணும்."

அக்கா மறுத்துச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார். ஐம்பது வருடமாக அவருக்காகப் பரிந்து பேசியவள் அவள். அன்றைக்கு அடுத்த கீரைத் தண்டை எடுத்து ஆய்ந்தாள்.

அடுத்த நான்கு மாதம் அவர் முன்னூற்றுப் பன்னிரண்டு பம்புக்கும் மறுபடி போனார். போகச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, தெருவிலேயே மெலிந்த பெண் யாரோ அவளை அடிக்கச் சொன்னார். கடைசியாக எப்போது எடுத்தாய் என்று கேட்டார். உண்மை வராத இடங்களில் டிரைவரை விட்டுக் கேட்கச் சொல்லிவிட்டு ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றார். அதில் அவர் தேர்ந்துவிட்டார். யாருடைய குரல் பயந்து பேசுகிறது, யாருடையது பழகிப் பேசுகிறது என்று பின்னால் நின்றே சொல்லிவிடுவார். எண்பத்தாறு பம்புகள் பெண்களின் கைக்கு எட்டாதவை என்று தன் கையெழுத்தில் எழுதி மேலதிகாரியின் மேஜையில் வைத்தார்.

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "உங்க பேரை நீங்களே கெடுத்துக்கறீங்களே?"

"கெட்டது ஆறு வருஷம் முன்னாடிங்க. இப்பதான் எழுதறேன்."

கைப்பிடியை ஒரு முழம் நீட்டி, நுனியில் குறுக்குக் குழாய் ஒன்றை வெல்டிங் வைத்தால் இரண்டு பேர் சேர்ந்து அடிக்கலாம், ஒருவர் அடித்தாலும் பாரம் குறையும். யோசனை அவருடையது. பட்டறையில் நின்று செய்ததும் அவரே. எந்தப் பொறியாளருக்கும் தோன்றவில்லை. முதலில் மாட்டியது இருநூற்று ஏழில்.

அன்றைக்கு அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார். தெருப் பெண்கள் சுற்றி நின்றார்கள். அக்கா சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் குறுக்குக் குழாயை அமுக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது அடியில் தண்ணீர் குடத்தில் விழுந்தது. பெண்கள் ஹோவென்று கத்தினார்கள். அக்கா அரைக் குடம் வரைக்கும் விடாமல் அடித்தாள். பிறகு குடத்தைப் பார்த்தாள், தன் வீட்டு வாசலைப் பார்த்தாள், கையிலிருந்த அலுமினியச் சட்டத்தைப் பார்த்தாள்.

"தண்ணிக்கு வருதுடா தம்பி. இப்ப எனக்குத்தான் வரல."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். இந்தத் தடவை அவள் முகத்தை அவர் உன்னிப்பாகப் பார்த்தார். சிரிப்பு உதட்டோடு நின்றது. முன்பு ஒருநாள் அவள் சிரித்ததும் இப்படித்தான் இருந்திருக்கும்.

புதிய படிவத்தில் கேள்விகளை அவர்தான் சொல்ல, பயிற்சிக்கார அம்மாள் எழுதிக் கொடுத்திருந்தார். யார் அடித்தது? எத்தனை அடியில் வந்தது? வீட்டுக்குக் கொண்டுபோக முடிகிறதா? முதல் இரண்டையும் நிரப்பினார். மூன்றாவதில் பேனா நின்றது. 'இல்லை' என்று எழுதிவிட்டு, படிவத்தை டிரைவரிடம் கொடுத்தார்.

குடத்தைத் தூக்கிக்கொண்டு அக்காவுக்குப் பின்னால் நடந்தார். குடம் சுமந்து பழக்கமில்லை. இடுப்பில் வைக்கத் தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு போனதில் தண்ணீர் தளும்பிச் சட்டை நனைந்தது. அக்கா நான்கு காலையும் ஒவ்வொன்றாக ஊன்றிப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் போய்விடாதபடி அவர் மெதுவாகவே நடந்தார்.