மணிக்கு வைத்த அரிசி

நான் இப்போது இருக்கும் ஜெர்மன் ஊரில், எங்கள் தெருமுனையில் ஒரு குளிர்பெட்டி நிற்கிறது. கடைக்குள் இல்லை, வீட்டுக்குள் இல்லை. தெருவில், ஒரு மரக்கூண்டுக்குள். பூட்டு கிடையாது. மிஞ்சியதை யாரும் வைக்கலாம், வேண்டியவர் யாரும் எடுத்துக்கொள்ளலாம். 'ஃபெர்டைலர்' என்கிறார்கள். வைத்தவர் முகம் எடுத்தவருக்குத் தெரியாது, எடுத்தவர் முகம் வைத்தவருக்குத் தெரியாது. "வாங்க, சாப்பிடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் சோறு போடும் ஊரை நான் அறுபத்தைந்து வயதுக்கு மேல்தான் பார்த்தேன். மகள் இங்கே நர்ஸ். அவள் அப்பா போன பிறகு என்னையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். வந்த ஒரு வருடம் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம், அது யாருக்கோ சொந்தமானது என்று நினைத்து ஒதுங்கியே நடந்தேன்.

போன மாதம் ஒரு நாள் துணிந்து எலுமிச்சைச் சாதம் கிளறி எவர்சில்வர் டப்பாவில் எடுத்துப்போனேன். உள்ளே வைப்பதற்கு முன், பழக்கதோஷம், பெட்டி முன்னாலேயே நின்று தலைகுனிந்து கண்ணை மூடி ஜெபித்தேன். கண்ணைத் திறந்தால் பக்கத்தில் எதிர்வீட்டு வால்டர், கையில் ரொட்டியோடு நிற்கிறார். முகத்தைச் சுளித்து, டப்பாவைக் காட்டி என்னவோ கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் பாதி 'யா', மீதி நன்றிக்கு 'டாங்க'. "யா, யா" என்றேன். மனிதர் மிகுந்த இரக்கத்தோடு டப்பாவை என் கையிலிருந்து வாங்கி, சாதத்தை அப்படியே குப்பைத்தொட்டியில் கவிழ்த்துவிட்டு, டப்பாவை மட்டும் திருப்பித் தந்தார். மகள் அவரிடம் விசாரித்துவிட்டு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் குனிந்து நின்றதை மோந்து பார்ப்பதாக எண்ணி, கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டாராம். நானும் ஆமாம், ஆமாம் என்றிருக்கிறேன். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஜெபித்த சோறு வீணாகி நான் பார்ப்பது அது மூன்றாம் முறை. முதல் இரண்டு முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து நான்கு வயது. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில், சித்தேரி மலையடிவாரத்து ஊர் ஒன்றில் என் வீட்டுக்காரர் தேவராஜ் உபதேசியாராக இருந்தார். போதகர் மாதம் ஒரு முறை பஸ் பிடித்து வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது, நோயாளிகளைப் பார்ப்பது, சண்டை தீர்ப்பது எல்லாம் இவர்தான். பதினேழு வீட்டுச் சபை. எல்லோரும் கூலிக்குப் போகிறவர்கள். கோயிலுக்கு மணி கிடையாது. வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு இரும்புக் கம்பியால் அடிப்போம். "உங்க ஊருல பள்ளிக்கூடம் விட்டாச்சா?" என்று அரூர்ப் பக்கத்துச் சபைக்காரர்கள் கேலி பேசுவார்கள். அந்தக் கேலி பொறுக்காமல்தான் பெண்கள் கைப்பிடி அரிசி எடுக்கத் தொடங்கினோம். ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனிச்சட்டியில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும். சேர்ந்ததை ஒரு நாள் விற்று மணி வாங்குவது என்று ஏற்பாடு. அரிசி டிரம்முக்குக் காவல் ரூத்தக்கா. அவளைத் தாண்டி ஒரு எலி அந்த டிரம்முக்குள் போனதில்லை.

அந்த வருடம் மழை பொய்த்தது. மலை மேல் சாமை விளையவில்லை. மலைக்காரர்கள் முப்பது நாற்பது பேர் பிள்ளைகுட்டிகளோடு இறங்கி, ஏரி தூர்வாரும் வேலைக்கு வந்து, கரையில் தழைக்குடிசை போட்டிருந்தார்கள். வந்த இரண்டாம் வாரமே வாந்திபேதி. வேலை நின்றது. சுகாதாரத்துறை ஆட்கள் வந்து ஊசி போட்டு, தண்ணீரில் மருந்து கலந்து, உப்புச்சர்க்கரைப் பொட்டலம் கொடுத்து, கஞ்சி ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கஞ்சிக்கு அரிசி எங்கே? அவர்கள் புளியங்கொட்டையை ஊறவைத்து வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் நோய்க்குப் பயந்து அந்தப் பக்கமே போகவில்லை. வெள்ளச்சி என்ற பெண்ணின் நான்கு வயது மகள் சின்னி, தலை நிற்காமல் தாயின் தோளில் துவண்டு கிடந்ததை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் சாப்பிடவில்லை. நேரே ரூத்தக்கா வீட்டுக்குப் போனார். விஷயத்தைக் கேட்டதும் அவள், "தனக்கு மிஞ்சித்தான் தானம்னு சொல்லுவாங்க உபதேசியாரே. நமக்கு என்னைக்கு மிஞ்சிச்சு?" என்று சொல்லிக்கொண்டே டிரம்மின் மூடியைத் திறந்தாள். என் சபையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த மூடி திறந்த சத்தம்தான்.

பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சி ஏரிக்கரைக்குத் தூக்கிப்போனோம். இவர் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று கைகளை உயர்த்தி உருக்கமாக ஜெபித்தார். மழைக்காக, நோய்க்காக, மலைக்காக, அரசாங்கத்துக்காக. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் எதிரில் ஒருவரும் இல்லை. எல்லோரும் எழுந்து கரையின் மறுபக்கம் போய் நின்றுகொண்டிருந்தார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம். கடைசியில் வெள்ளச்சி மட்டும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பத்தடி தள்ளி நின்று பேசினாள்.

"உங்க சாமிக்குப் படைச்சிட்டீங்களே ஐயா. படைச்சத நாங்க தின்னா, எங்க சாமிக்கு யாரு பதில் சொல்றதுங்க? மழையே இல்லாம கெடக்குது. அதுக்கு மேல வேற கோவிச்சுக்கிச்சின்னா?"

கஞ்சி ஆடை கட்டி ஆறிப்போனது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சம் இல்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று வழியெல்லாம் பொருமினேன். வீட்டுக்கு வந்ததும் இவர், "நாளைக்கு ஜெபம் இல்லாம குடுப்போம்" என்றார். உபதேசியார் வாயிலிருந்து வருகிற பேச்சா இது? ஸ்தோத்திரம் சொல்லாத சோறு எங்கள் வீட்டில் பச்சைக் குழந்தை வாயில்கூடப் போனதில்லை. நான் சரி என்று தலையாட்டிவிட்டு, மறுநாள் அடுப்படியில் தனியாக, அண்டா மேல் கையை வைத்து முணுமுணுவென்று ஜெபித்துவிட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம்தான்.

வெள்ளச்சி கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. "வூட்டுலயே படைச்சு எடுத்தாந்தீங்களாங்க?" என்றாள். இவர், "இல்லம்மா, சத்தியமா இல்ல" என்றார். பொய் சொல்லி அறியாத மனிதர். சின்னியின் கண் பாதி மூடி, உதடு வெடித்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த நிமிடமே கஞ்சி உள்ளே போயிருக்கும். ஆனால் என் பொய்க்கு என் புருஷன் தெரியாமல் சத்தியம் செய்துகொண்டிருக்கிறாரே. "நான் பண்ணிட்டேன். அவருக்குத் தெரியாது. நான்தான் பண்ணேன்" என்று சொல்லி அழுதுவிட்டேன். ரூத்தக்கா தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாம் அண்டாவும் போச்சு. ஒரு பிள்ளை சாகக் கிடக்கிற இடத்தில், நான் என் வழக்கத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வெள்ளச்சி பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு, "மறைக்காம சொன்னீங்களே, அது போதும். வேகாத அரிசியா குடுங்க. அரிசி எல்லாத்துக்கும் பொது. வெந்த பொறவுதான் அது ஒரு சாமிக்குச் சொந்தம்" என்றாள். ரூத்தக்கா ஓட்டமும் நடையுமாகப் போய் அரிசிக் கூடையோடு வந்தாள். நாங்கள் விறகு பொறுக்கினோம், தண்ணீர் சுமந்தோம். அவர்கள் சட்டியில், அவர்கள் அடுப்பில் கஞ்சி வெந்தது. வெள்ளச்சி முதல் அகப்பையை மலையைப் பார்த்து ஒரு கல்லின் மேல் ஊற்றிக் கும்பிட்டாள். அடுத்த அகப்பையை ஒரு தையல் இலையில் ஊற்றி என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தாள். "தானியம் குடுத்தவங்க மொத வாய் திங்கோணுங்க. அப்பத்தான் புள்ளைங்களுக்கு ஊத்துவோம். அது எங்க மொறை."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின ஆடி மாதம், மாரியம்மனுக்குப் படைத்த கூழைப் பக்கத்து வீட்டில் வாங்கிக் குடித்ததற்காக, ரூத்தக்கா குடும்பத்தைச் சபை முன்னால் நிற்க வைத்துக் கண்டித்தவர் இவர். படைத்ததைத் தொடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் போதித்தவர். இப்போது படைத்த கஞ்சி அவர் முன்னால் இருக்கிறது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். "உபதேசியாரே, எங்கள நிக்க வெச்சீங்களே" என்றாள் ரூத்தக்கா, மெதுவாக. இவர் அவளைப் பார்த்தார். சின்னியைப் பார்த்தார். அப்படியே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இலையைக் கையில் எடுத்து, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். குடித்துவிட்டு, "நல்லா இருக்குதும்மா. புள்ளைக்கு ஊத்துங்க" என்றார். வெள்ளச்சி துணி நுனியைக் கஞ்சியில் நனைத்துச் சின்னியின் வாயில் வைத்தாள். முதலில் வழிந்தது. பிறகு தொண்டை அசைந்தது. அன்றுதான் நான் கட்டிக்கொண்டவர் யார் என்று எனக்குத் தெரிந்தது.

பதினெட்டு நாள் அந்த அடுப்பு எரிந்தது. டிரம் அடி தெரியக் காலியானது. மழை விழுந்ததும் அவர்கள் மலையேறினார்கள். சின்னி தன் காலாலேயே நடந்து போனாள். அவர்களில் ஒருவரும் கிறிஸ்தவர் ஆகவில்லை. அதையும் பெருமையாகத்தான் சொல்கிறேன், ஆக வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. கஞ்சி குடித்ததற்கு அடுத்த ஞாயிறு இவர் பிரசங்கம் செய்யவில்லை. ரூத்தக்கா குடும்பத்தை நிற்க வைத்த அதே இடத்தில் போய் நின்றார். "உங்கள அன்னைக்கு நிக்க வெச்சேன். இன்னைக்கு நான் நிக்கிறேன். என்ன வேணா சொல்லுங்க" என்றார். ஒருவர் இருவர் முணுமுணுத்தார்கள், போதகருக்கு எழுத வேண்டும் என்றார்கள். ரூத்தக்கா எழுந்தாள். "எழுதுங்க. அவரு குடிக்கலேன்னா அந்தப் புள்ள செத்திருக்கும்னும் சேத்து எழுதுங்க. நீங்க மணி வாங்கி அடிச்சா அது எழுந்திருக்குமா?" என்றாள். பிறகு இவரிடம், "நின்னது போதும், உக்காருங்க. பாட்டு ஆரம்பிக்கணும்" என்றாள். யாரும் எழுதவில்லை.

மணி வாங்கவே இல்லை. டிரம் நிறையும் முன் ஒவ்வொரு முறையும் எங்காவது ஓர் அடுப்பு அணைந்திருக்கும். போன வருடம் மகள் இங்கிருந்து ஒரு மணி வாங்கி அனுப்புவதாகச் சொன்னாள். ஃபோனில் ரூத்தக்காவைக் கேட்டேன். வயது எண்பதுக்கு மேல், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. "மணி எதுக்குடி? தண்டவாளம் நல்லாத்தான் கத்துது. டிரம்முல அரிசி கெடக்குது, எந்த வருசம் மழை ஏமாத்துமோ" என்று வைத்துவிட்டாள். என் சபைக்கு மணி இல்லை என்று நான் இங்கே யாரிடமும் தலைநிமிர்ந்தே சொல்வேன்.

மறுபடியும் எலுமிச்சைச் சாதம் கிளறிப் பெட்டியில் வைத்தேன். இந்த முறை ஜெபத்தை வீட்டிலேயே முடித்துக்கொண்டேன். இங்கே அதைக் கேட்பாரில்லை, கேட்டால் மறைக்கமாட்டேன். என்னென்ன போட்டது, என்றைக்குச் செய்தது என்று மகள் சீட்டு எழுதி ஒட்டினாள். டப்பாவின் மேல் தேவராஜ் என்று பெயர் வெட்டியிருக்கும். கல்யாணத்துக்கு வந்த டப்பா. மூன்றாம் நாள், ஞாயிறு காலையில் போய்ப் பார்த்தேன். கழுவித் துடைத்து அதே இடத்தில் வைத்திருந்தார்கள். ஆனால் கனமாக இருந்தது. திறந்தால், எள் தூவிய ஏதோ ஓர் இனிப்பு ரொட்டி, யாரோ இப்போதுதான் வைத்திருக்க வேண்டும், இன்னும் சூடு ஆறவில்லை. யார் வீட்டு அடுப்பு, எந்தச் சாமியை நினைத்துச் சுட்டது, ஒன்றும் தெரியாது. தெருவிலேயே நின்று முதல் வாயைத் தின்றேன். அப்போது ஊரின் கோபுரங்களில் எல்லாம் ஒரே நேரத்தில் மணி அடிக்கத் தொடங்கியது. இங்கே நான் இத்தனை நாளும் கடிகாரம் பார்த்தே கோயிலுக்குக் கிளம்பியிருக்கிறேன், இந்த மணிச்சத்தம் கேட்டுக் கிளம்பியதில்லை. கையிலிருந்த வீட்டுச்சாவியால் தேவராஜ் பெயர் மேல் ஒரு தட்டுத் தட்டினேன். எங்கள் வேப்பமரத்துத் தண்டவாளம் போலவே டங்கென்றது. அந்தச் சத்தத்துக்குத்தான் என் கால் கோயிலுக்குக் கிளம்பியது.