பூமாலை மூடிய நம்பர்

என் மனைவியின் தம்பி கனடாவில், மொன்றியலில் இருந்து லீவில் வந்திருந்தான். வந்த இரண்டாம் நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்:

"எங்கடை பக்கம் காருக்கு முன்னாலை நம்பரே இல்லை அத்தான். பின்னுக்கு மட்டும்தான். ஒரு பிரச்சினையும் இல்லை."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அக்காவுக்கு நடந்ததைப் பற்றிக் கதைக்கத் தொடங்கி, கதை அங்கே போய்விட்டது. ஆனால் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"பின்னுக்கு இருக்கிறதைப் பாக்கிறதுக்கு ஆள் எழும்பி நிக்க வேணும் மச்சான். உன்ரை அக்கா முகங்குப்புற விழுந்து கிடந்தவ" என்றேன்.

அவன் குனிந்து சோற்றைப் பிசைந்தான். உள்ளே கட்டிலில் கிடந்த மனைவி, "உங்களுக்கு வாய் சும்மா இராது" என்றாள்.

நான் வீடு கட்டுகிற மேசன். எழுதுவது என் தொழில் இல்லை. இந்தக் கதையைச் சொல்லப் போன இடமெல்லாம் ஆட்கள் பாதியில் எழும்பிப் போய்விடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மனைவி மானிப்பாயில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். இருபது வருசமாகச் சைக்கிளில்தான் போய் வந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, மரக்கறி மூட்டை ஏற்றிய லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் ஒன்றை முந்திக்கொண்டு, அவளுக்கு நேர் எதிரே ஒரு வெள்ளைக் கார் வந்தது. காரின் முன் மூலை சைக்கிளின் ஹாண்டிலில் பட்டது. இடுப்பெலும்பும் இடது மணிக்கட்டும் உடைந்தன. கார் நிற்கவில்லை.

அந்த இடத்தில் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். பத்துப் பேரும் அவளிடம்தான் ஓடினார்கள். ஒருவர் தலையைத் தூக்கிப் பிடித்தார். ஒருவர் சோடா உடைத்தார். ஒரு மனிசி சிதறிக் கிடந்த செருப்பையும் பையையும் எடுத்து வைத்தா. யாரோ சைக்கிளை நிமிர்த்தி மதிலில் சாத்தி, பூட்டியும் விட்டார்கள். காரை ஒருவரும் பார்க்கவில்லை. லான்ட்மாஸ்ரர்காரராவது பார்த்திருக்க வேண்டும். கார் அவருக்கு முன்னால்தான் போனது. அவர் சடாரென்று பிறேக் பிடித்ததில் மூட்டை சரிந்து, அதைத் தாங்கிக்கொண்டு நின்றாராம். நான் ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கேட்டேன். அங்கே பாண் விற்றுக்கொண்டு நின்ற வான்காரர் என்னையே திருப்பிக் கேட்டார்.

"அண்ணை, நான் உங்கடை மனிசியைப் பாக்கிறதோ, காரின்ரை குண்டியைப் பாக்கிறதோ?"

அவர் கேட்டது சரி. சரியாக இருந்தபடியால் இன்னும் கோபம் வந்தது.

எதிரே இருந்த ஹாட்வெயார் கடையில் கமரா பூட்டியிருந்தார்கள். முதலாளி உடனே போட்டுக் காட்டினார். கார் வடிவாகத் தெரிந்தது. கண்ணாடியில் திருநீற்றுக் குறியும் சந்தனப் பொட்டும். வெயில் பட்டு ஓட்டினவன் முகம் தெரியவில்லை. முன்னால், நம்பர் பிளேற் இருக்க வேண்டிய இடத்தில், கைத் தடிப்பில் ஒரு செவ்வந்தி மாலை. ஒரு எழுத்துக்கூடத் தெரியாதபடி மூடிக் கிடந்தது. கமரா ஒரு பக்கம்தான் பார்க்கும். கார் அதைக் கடந்து போனபிறகு ஒன்றும் இல்லை.

"இன்னொருக்காப் போடுங்கோ" என்றேன்.

ஆறாவது தரம் அவர் சொன்னார்: "அண்ணை, எத்தினை தரம் போட்டாலும் மாலை விலகாது."

இறக்குமதித் தடை நீங்கி, புது வாகனங்கள் திரும்ப நாட்டுக்குள் வரத் தொடங்கிய பிறகு கோயில்களில் வாகனப் பூசை கூடிவிட்டது. நாலு ரயருக்கும் எலுமிச்சங்காய் வைத்து, தேங்காய் உடைத்து, முன்னால் மாலை கட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. பூசையில் கட்டின மாலையைக் கையால் கழற்றக் கூடாதாம். தானாக வாடி விழ வேண்டுமாம். ஒரு கிழமை, பத்து நாள், அந்தக் கார் முன்னுக்கு நம்பர் இல்லாமல்தான் ஓடும். முன்னுக்கும் பின்னுக்கும் நம்பர் தெரிய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பூவைக் கண்டால் ஒருவரும் மறிக்க மாட்டார்கள். நானும் செய்தவன்தான். என் மோட்டார் சைக்கிளில் கட்டின மாலை காய்ந்து சருகாகும் வரை தொங்கியது. அதை ஒரு பிழையாக நான் நினைத்ததே இல்லை.

பொலிசில் என் முறைப்பாட்டை எழுதினது ஒரு இளம் உத்தியோகத்தர். மரியாதையான பிள்ளை.

"நம்பர், அண்ணை?"

"மாலை மூடியிருக்கு."

"ஒரு இலக்கம் எண்டாலும்?"

"மாலை முழுசா மூடியிருக்கு எண்டு சொல்லுறன்."

"வெள்ளைக் கார் எண்டு மட்டும் எழுதினால் என்ரை மாமாவையும் பிடிக்க வேணும்" என்றார். சிரிப்புக்குத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு நான் கோயில் கோயிலாகப் போனேன். வேலைக்குப் போகாமல் நாலு கோயில். மூன்றாவது கோயிலில் ஐயர் யோசித்துப் பார்த்துச் சொன்னார்:

"அந்தக் கிழமை புதன் நல்ல நாள். எட்டோ ஒன்பதோ வாகனம் வந்தது. அதிலை ஒரு வெள்ளைக் கார்க்காரர் மாலையைத் தாங்களே கட்டிக்கொண்டு வந்தவை. செவ்வந்தி, நல்ல தடிப்பு."

"நம்பர் ஏதும் எழுதி வைச்சனீங்களோ ஐயா?"

"அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும்தான் கேக்கிறது. பேர் ஞாபகம் இல்லை. நட்சத்திரம் ஞாபகம் இருக்கு. புருசன் பெண்சாதி ரெண்டு பேருக்கும் உத்தரட்டாதி. அப்பிடிச் சோடி அருமை."

"காருக்குப் பூசை செய்யிறியள், காரின்ரை நம்பரைக் கேக்க மாட்டியளோ?"

"சாமிக்கு என்னத்துக்கு நம்பர்?" என்றார் ஐயர். நக்கலாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் வாயில் வரக்கூடாதது வந்தது. கோயில் என்று விழுங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம், நிற்கிற வெள்ளைக் கார் எல்லாவற்றுக்கும் முன்னால் குனிந்து பார்த்தேன். சந்தையடியில் ஒருவன் என்னைக் கள்ளன் என்று நினைத்துச் சட்டையைப் பிடித்தான்.

தேடிய இடத்தில் கிடைக்கவில்லை. தெல்லிப்பழையில் ஒரு வீட்டுக்குச் சீமெந்துப் பூச்சு வேலைக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு வாசலில் வெள்ளைக் கார் நின்றது. முன் மூலை மட்டும் புதுப் பெயின்ற். நம்பர் பிளேற் இப்போது பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடி மேல் மூலையில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. நான் பார்த்துக்கொண்டு நிற்க, சொந்தக்காரன் வெளியே வந்தான். முப்பது வயது இருக்கும்.

"என்ன ஐயா பாக்கிறியள்?"

கேட்க நினைத்தது வேறு. வாயில் வந்தது இதுதான்: "தம்பி, உங்கடை நட்சத்திரம் என்ன?"

அவன் சிரித்தான். "உத்தரட்டாதி. மனிசிக்கும் அதுதான். ஏன் ஐயா, சாத்திரம் பாப்பியளோ?"

"முன் மூலை என்னண்டு அடிபட்டது?"

சிரிப்பு நின்றது. "கேற் தூணிலை இடிச்சுப் போட்டன். பழக்கமில்லாத கார்."

தூணைப் பார்த்தேன். முப்பது வருசமாகத் தூண் கட்டுகிறவன் நான். மேலிருந்து கீழ் வரை புதுசாய்ப் பூசி வெள்ளை அடித்திருந்தது. பூச்சுக்குக் கீழே காயம் இருந்ததோ இல்லையோ, சுரண்டினால்தான் தெரியும். பூசுகிற சாந்தகப்பை என் கையில்தான் இருந்தது. ஆனால் அது அவன் வீட்டுத் தூண்.

அன்றே பொலிசுக்குப் போனேன். நம்பரைக் கொடுத்தேன், ஐயர் சொன்னதைச் சொன்னேன், நட்சத்திரத்தையும் சொன்னேன். அந்த உத்தியோகத்தர் கடைசிவரை கேட்டார். அடுத்த நாள் போய் அவனை விசாரித்தும் வந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னார்:

"அண்ணை, நீங்கள் தந்தது ஒரு நம்பர். வீடியோவிலை இருக்கிறது ஒரு மாலை. ரெண்டையும் நான் என்னத்தாலை ஒட்டுறது? கோட்டிலை நீதவானுக்கு முன்னாலை நிண்டு உத்தரட்டாதி எண்டு சொல்ல ஏலுமோ?"

"அப்ப அவன்தான் எண்டு தெரிஞ்சும் விடுறதோ?"

"உங்களுக்குத் தெரியுது. எனக்கும் கொஞ்சம் தெரியுது. அது காணாது அண்ணை."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்தாள்.

"அவனை இஞ்சை இழுத்துக்கொண்டு வாறன். நீர் பாத்துச் சொல்லும்."

"என்னத்தைச் சொல்லுறது? நான் அவனைக் காணேல்லை. பூவைத்தான் கண்டனான். நல்ல மாலை எண்டு நினைச்சனான், அதுக்குள்ளை இடிச்சுப் போட்டுது." ஊன்றுகோலைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்: "அது அவன் இல்லாட்டி?"

அவன்தான் என்று அடித்துச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

தெல்லிப்பழை வேலை இன்னும் மூன்று கிழமைக்கு இருக்கிறது. விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்று பார்த்தேன். இந்த நேரத்தில் அப்படிக் கிடைக்காது. நான் சாரத்தில் ஏறி நின்று பூசிக்கொண்டிருக்க, காலை எட்டு மணிக்கு அந்தக் கார் கேற்றால் வெளியே வருகிறது. அவன் கண்ணாடியை இறக்கி அண்ணாந்து பார்க்கிறான்.

"வேலை எப்பிடிப் போகுது ஐயா?"

"போகுது தம்பி" என்கிறேன்.