டீசல் மிதந்த வைரம்

சுத்தமான வைரம் என்று சொல்லி நான் கொடுத்த கல்லில் ஓட்டை இருந்தது. நடந்தது அவ்வளவுதான்.

பதினைந்து வருஷம் இருக்கும். ராயபுரத்தில் ஆறடிக்கு எட்டடிக் கடை. கையில் பேனா மாதிரி ஒரு டெஸ்டர். முனையைக் கல்லில் வைத்தால், வைரமென்றால் 'கீ'யென்று கத்தும். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது... அப்போது என் தொழிலறிவே அதுதான்.

ஒரு புரோக்கரிடம் அரை கேரட் கல் வாங்கினேன். நாற்பத்தெட்டாயிரம். என் கையிருப்பு மொத்தமும் அதில். டெஸ்டர் கத்தியது, வாங்கிவிட்டேன். லென்ஸ் டிராயரில் தூங்கியது.

கேட்டு வந்தது கன்னியம்மா அக்கா. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். மகள் கல்யாணத்துக்கு ஒற்றைக்கல் மூக்குத்தி. அறுபதாயிரம் சொன்னேன். பேரமே பேசவில்லை.

"மூணு நாள் வூட்ல வெச்சிப் பாக்கறேன் பாய். ராசி ஒத்துக்கினா துட்டு. இல்லாங்காட்டி உன் கல்லு உனுக்கு."

வைரம் என்றால் அப்படித்தான். வீட்டில் வைத்து, நல்லது நடக்கிறதா கெட்டது நடக்கிறதா என்று பார்ப்பார்கள். உள்ளே கரும்புள்ளி இருந்தால் தொடவே மாட்டார்கள்.

அந்த மூன்று நாள்...

அவர் வீட்டு போட் கடலுக்குள். கல்லைக் கொடுத்துவிட்டு நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலும் கடையில் உட்கார முடியாது, எழுந்து துறைமுகம் வரை நடப்பேன், திரும்புவேன். போட்டுக்கு ஏதாவது ஆனால், 'பாய் கல்லு கலீஜு' என்று ஏலக் கூடத்தில் ஒரு குரல் போதும். அப்புறம் கடையில் ஈ ஓட்டலாம்.

மூன்றாம் நாள் போட் வந்தது. கூடை கூடையாக வஞ்சிரம். நான் டீ சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

அக்கா வந்தார். பொட்டலத்தை மேஜையில் வைத்தார்.

"ராசி சோக்காத்தான் கீது. கல்லுதான் சரியில்ல."

"இன்னாக்கா சொல்ற?"

"வாட்ச் கடைக்காரன் கண்ணாடிய வாங்கிப் பாத்தேன். உள்ள மசுரு மாரி ஒரு கோடு போவுது. சாச்சா நீலமா மினுக்குது. ஹார்பர் தண்ணில டீசல் மெதக்கும் பாரு, அந்த மாரி."

டெஸ்டரை வைத்தேன். கத்தியது.

"அது வைரம்னு கத்துது. கல்லு வவுத்துல இன்னா பண்ணிகிறாங்கன்னு சொல்லுமா?"

அப்போதுதான் லென்ஸை எடுத்தேன். கோடு இருந்தது. சாய்த்தால் நீலம், திருப்பினால் ஊதா. லேசரால் துளை போட்டு, கரும்புள்ளியை ஆசிட்டில் வெளுத்து, துளையைக் கண்ணாடிக் குழம்பால் அடைத்த கல். புரோக்கர் என் தலையில் கட்டிவிட்டான். மழுப்பிப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, பொய் சொல்வானேன். ஆனால் மீன் கண்ணைப் பார்த்து விலை வைக்கிறவரிடம் அது நடக்காது. உள்ளதைச் சொன்னேன்.

"கருப்பு இப்ப கீதா?"

"இல்லக்கா."

"ஓட்டய அடச்ச போட்லதான் எங்க வூட்டு ஆம்பளைங்க தெனம் கடலுக்குப் போறாங்க. கரைக்கும் வராங்க." கல்லை விரலால் தொட்டார். "ஆனா அத்த புது போட்டுன்னு நாங்க விக்கறதில்ல பாய்."

இன்று என்னிடம் மைக்ராஸ்கோப் இருக்கிறது. சந்தேகக் கல்லை லேபுக்கு அனுப்புகிறேன். இப்போது மெஷினிலேயே வைரம் வளர்க்கிறார்கள். டெஸ்டர் அதற்கும் கத்துகிறது, லென்ஸில் ஒரு கோடும் தெரிவதில்லை. ரிப்போர்ட் வரும்வரை கடைக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். அன்றைக்கு மூன்று நாள்தான்... இப்போது தினமும்.

அன்று அக்காவும் நானும் பேசி முடித்தது இது: கல் முப்பத்திரண்டாயிரம், ரொக்கம். பில்லில் 'துளை அடைத்த கல்' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூக்குத்தி செய்யும் ஆசாரி அதன் பக்கத்தில் நெருப்பு ஊதக் கூடாது, சூட்டில் அடைத்த கண்ணாடி உருகிவிடும். எப்போது திருப்பிக் கொண்டுவந்தாலும் அதே விலைக்கு நான் எடுத்துக்கொள்ள வேண்டும்.